பச்சையாக முடிந்த பேட்ச் ஜாப்

இரவில் ஆள் இல்லாமல் தானே ஓடி, தரவை மொத்தமாகச் செயலாக்கும் பேட்ச் ஜாப் தோற்றுப்போனால் அதில் ஒரு நிம்மதி உண்டு. திரையில் சிவப்பு விழும், யார் கண்ணிலாவது படும், காலைக்குள் சரிசெய்துவிடலாம். தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது பச்சை. ஆர்டர்களை இன்வாய்ஸாக மாற்றும் ஜாப் ஒன்று தினமும் 40 நிமிடம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு நாள் அது 4 விநாடியில் முடிகிறது. ஸ்டேட்டஸ் ‘ஃபினிஷ்டு’. லாகில் பிழை ஒன்றும் இல்லை. அன்று அது எடுத்த வரிகள் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் குறையில்லாமல் செயலாக்கி முடித்துவிட்டது. மூன்று நாள் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து ஃபோன் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இப்படி ஆவதற்குப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை. ஜாபின் வேரியன்ட்டில் (சேமித்துவைத்த உள்ளீட்டு மதிப்புகளில்) தேதியை ‘இன்று’ என்று வைக்காமல், டெஸ்ட் செய்த நாளின் தேதியையே யாரோ சேமித்திருப்பார்கள். அல்லது மூல ஃபைல் வரவில்லை. புரோகிராம் காலி ஃபோல்டரைப் பார்த்துவிட்டு ‘வேலை இல்லை’ என்று திரும்பியிருக்கும். ஜாப் ஓடும் யூசர் ஐடியின் அனுமதியில் ஒரு கம்பெனி கோடு (நிறுவனக் குறியீடு) விட்டுப்போயிருந்தாலும் இதே கதைதான்: சில புரோகிராம்கள் அனுமதி இல்லாத வரிகளைச் சத்தமில்லாமல் வடிகட்டிவிடும்.

ஜாப்களை நேரம் பார்த்துக் கிளப்பிவிடும் ஷெட்யூலருக்குத் தெரிந்தது மிகக் குறைவு. தான் கிளப்பிவிட்ட புரோகிராம் ஒழுங்காகத் திரும்பி வந்ததா, என்ன எக்ஸிட் கோடு (முடிவைச் சொல்லும் எண்) கொடுத்தது, அவ்வளவுதான். பூஜ்யம் என்றால் வெற்றி. லினக்ஸ் ஷெல்லில் இரண்டு கட்டளைகளைப் பைப் போட்டு (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக) இணைத்தால், கடைசிக் கட்டளையின் கோடுதான் மொத்தத்துக்கும் கோடாகிவிடும். ஏற்றுமதி நடுவில் முறிந்து, அதன் பின்னால் நின்ற ஃபைல் சுருக்கும் கட்டளை நன்றாக முடிந்தால், ஷெட்யூலர் பச்சை காட்டும். பேஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ தேர்வைப் போட்டால் இந்த ஓட்டை அடைபடும். எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் இதன் அண்ணன் உண்டு. பேட்ச் இன்புட் செஷன்களை (திரையில் தட்டச்சு செய்வதுபோல் தரவை உள்ளிடும் தொகுப்புகளை) கிளப்பும் ஜாப், செஷனுக்குள் 300 பதிவுகள் பிழையாக நின்றாலும் ‘ஃபினிஷ்டு’ என்றே காட்டும். செஷனைக் கிளப்பிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க எஸ்எம்35 என்ற திரைக்குப் போக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஜாபும் தன் கணக்கைத் தானே எழுதிவைக்க வேண்டும். அதற்கு ஒரு டேபிள் போதும். ஜாபின் பெயர், எந்த வணிகத் தேதிக்காக ஓடியது, தொடக்க நேரம், முடிந்த நேரம், படித்த வரிகள், செயலாக்கியவை, தவிர்த்தவை, நிராகரித்தவை, பணம் சம்பந்தப்பட்டால் மொத்தத் தொகை. படித்தது, மற்ற மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜாப் தன்னைத் தானே தோல்வி என்று அறிவித்துக்கொண்டு பூஜ்யமல்லாத கோடோடு வெளியேற வேண்டும். கூடவே ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதிவையுங்கள்: பூஜ்யம் வரி வருவது இயல்பா? ரிட்டர்ன் சரக்கு ஜாபுக்கு இயல்பாக இருக்கலாம். வேலை நாளில் இன்வாய்ஸ் ஜாபுக்கு இருக்க முடியாது. இந்தப் பதிலை எழுதவேண்டியவர் அந்த வேலையின் சொந்தக்காரரான வணிகப் பிரிவு. புரோகிராமர் ஊகித்து எழுதினால் பாதி தப்பாகத்தான் இருக்கும்.

வணிகத் தேதியைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 14-ஆம் தேதி வேலை, 15-ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு ஓடுகிறது. புரோகிராம் உள்ளே ‘இன்றைய தேதி’ என்று கணினிக் கடிகாரத்தைக் கேட்டு அதில் 1 கழித்தால் சாதாரண நாளில் சரியாக வரும். முதல் ஜாப் தாமதமாகி, 16-ஆம் தேதி மறுபடி ஓட்ட நேர்ந்தால் 15-இன் தரவை எடுத்துவிடும். தேதி வெளியிலிருந்து பாராமீட்டராக வர வேண்டும். கொடுக்காவிட்டால் மட்டும் நேற்று என்று எடுத்துக்கொள்ளட்டும்.

நேரத்தைக் குறிப்பது

யூனிக்ஸ், லினக்ஸ் ஷெட்யூலரான க்ரான், 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு காலத்துச் சங்கதி. ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை. இத்தனை எளிய ஒன்றில் இத்தனை பேர் விழுவது ஆச்சரியம்தான். மாதத்தின் முதல் தேதி திங்கட்கிழமையாக அமைந்தால் மட்டும் ஓடட்டும் என்று நினைத்து ‘0 2 1 * 1’ என்று எழுதினால், அது ஒவ்வொரு முதல் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓடும். நாள், கிழமை இரண்டு கட்டத்தையும் நிரப்பினால் அவற்றுக்கு இடையில் ‘அல்லது’ என்றுதான் க்ரான் படிக்கும்.

மாதக் கடைசி நாளைச் சொல்ல சாதாரண க்ரானில் வழியில்லை. 28 முதல் 31 வரை தினமும் கிளப்பி, ‘நாளை 1-ஆம் தேதியா’ என்று டேட் கட்டளையைக் கேட்டு, ஆம் என்றால் மட்டும் தொடர்வது வழக்கமான தந்திரம். அங்கேதான் அடுத்த பள்ளம். டேட் கட்டளையின் வடிவக் குறிப்பில் % வரும். க்ரான் கோப்பின் வரியில் % என்பது புதிய வரியைக் குறிக்கும். முன்னால் பின்சாய்வுக் கோடு போடாவிட்டால் கட்டளை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். கையால் ஓட்டினால் நன்றாக ஓடும், க்ரானில் ஓடாது. கையால் ஓடி க்ரானில் ஓடாததற்கு இன்னொரு பெரிய காரணம், க்ரானுக்குக் கிடைக்கும் பாத் மாறி (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) மிகச் சிறியது என்பது. உங்கள் லாகின் கோப்பில் இருக்கும் எதுவும் அங்கே இருக்காது. கட்டளைகளுக்கு முழுப் பாதையை எழுதிவிடுவது உத்தமம். மாதக் கடைசி வேலையை முடிந்தவரை 1-ஆம் தேதி அதிகாலைக்குத் தள்ளி, வணிகத் தேதியை முந்தைய நாளாகக் கொடுப்பது இந்தத் தந்திரம் எல்லாவற்றையும் விட நல்லது.

கோடைகால நேரமாற்றம் உள்ள நாடுகளின் சர்வரில் அதிகாலை 1 முதல் 3 மணி வரை எதையும் வைக்காதீர்கள். வருடத்தில் ஒரு நாள் அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகும், இன்னொரு நாள் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். ஷெட்யூலருக்கு ஷெட்யூலர் இதைக் கையாளும் விதம் மாறும். சர்வரை யூடிசியில் (கோடைகால மாற்றமில்லாத உலகப் பொது நேரத்தில்) வைத்துவிட்டால் இந்தக் கவலை போகும். ஆனால் உள்ளூர் நள்ளிரவில் நாள் மாறும் வணிகக் கணக்கோடு அது ஒட்டாது. வணிகத் தேதி பாராமீட்டர் இங்கேயும் கைகொடுக்கும்.

ஆரக்கிள் டேட்டாபேஸின் பழைய டிபிஎம்எஸ்_ஜாப் முறையில், அடுத்த ஓட்டத்துக்கு ‘இப்போது + 1 நாள்’ என்று இடைவெளி கொடுப்பார்கள். ஜாப் தொடங்கும் தருணத்தில் அந்தக் கணக்கு போடப்படுவதால், தினமும் சில விநாடித் தாமதம் சேர்ந்து சேர்ந்து, 2 மணி ஜாப் மெல்ல மெல்ல 2:10, 2:20 என்று நகரும். நாளின் தொடக்கத்துக்கு வெட்டி, அதோடு 1 நாளும் 2 மணி நேரமும் கூட்டினால் நகராது. அதே முறையில் தொடர்ந்து 16 முறை தோற்ற ஜாப் ‘ப்ரோக்கன்’ ஆகி அதோடு நின்றுவிடும். யாரும் கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

எல்லாரும் 00:00 என்று வைப்பதைப் பற்றி ஒரு வரி: எல்லாம் ஒரே நேரத்தில் மோதாமல் 00:07, 00:23 என்று வையுங்கள். நிமிடக் கட்டத்தில் பூஜ்யம் தவிர 59 எண்கள் இருக்கின்றன.

ஒன்றன்பின் ஒன்று

முதல் ஜாப் 1 மணிக்கு, அரை மணி நேரத்தில் முடியும். அதனால் இரண்டாவதை 2 மணிக்கு வைப்போம் என்பது மிகப் பரவலான ஏற்பாடு, மிக மோசமானதும் கூட. முதலாவது 2:05-க்கு முடிந்த நாளில் இரண்டாவது பாதித் தரவில் ஓடியிருக்கும், இரண்டும் பச்சையாக இருக்கும். இடைவெளியை நம்பாமல் நிகழ்வை நம்ப வேண்டும். எஸ்ஏபியில் ஒரு ஜாபை ‘இந்த ஜாபுக்குப் பின்’ என்று வைக்கலாம். அங்கே ‘ஸ்டேட்டஸைப் பொறுத்துத் தொடங்கு’ என்று ஒரு டிக் பெட்டி உண்டு. அதை விட்டுவிட்டால் முன்னவர் தோற்றாலும் பின்னவர் கிளம்பிவிடுவார். கண்ட்ரோல்-எம், ஆட்டோசிஸ் போன்ற தனி ஷெட்யூலர்களில் இந்தச் சங்கிலியை விரிவாகப் பின்னலாம். ஆட்டோசிஸில் ஒரு ஜாபை நிறுத்திவைக்க இரண்டு வழி இருப்பதைப் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். ‘ஆன் ஹோல்ட்’ போட்டால் அதை நம்பியிருக்கும் ஜாப்களும் காத்திருக்கும். ‘ஆன் ஐஸ்’ போட்டால் அந்த ஜாப் வெற்றிகரமாக முடிந்ததாகவே வைத்துக்கொண்டு பின்னால் இருப்பவை ஓடும். சம்பளக் கணக்கு ஜாபை ஐஸில் வைத்தால் வங்கிக்குப் பணம் அனுப்பும் ஜாப் கிளம்பும். எது வேண்டும் என்று இரண்டு தடவை யோசிக்க வேண்டிய இடம் அது.

வெளியிலிருந்து ஃபைல் வரவேண்டிய ஜாபில், ஃபைல் ‘இருக்கிறதா’ என்று பார்ப்பது போதாது. 2 ஜிபி ஃபைல் வந்துகொண்டிருக்கும்போதே அது ஃபோல்டரில் இருக்கும். அனுப்புபவர் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் உண்மையான பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும், பாதிப் பெயர் என்று ஒன்று கிடையாது. அவர் ஒத்துழைக்கவில்லை என்றால் கடைசி வரியில் வரி எண்ணிக்கையும் தொகையும் கொண்ட முடிவுப் பதிவைக் கேளுங்கள். தரவு இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுதிய முடிவுப் பதிவோடு ஃபைல் வந்தாக வேண்டும். ‘இன்று ஒன்றுமில்லை’ என்பதும் ‘இன்று அனுப்பவில்லை’ என்பதும் வேறு வேறு. காலி ஃபோல்டர் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்.

இரட்டை ஓட்டமும் மறு ஓட்டமும்

15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஜாப், ஒரு நாள் 20 நிமிடம் எடுத்தால் என்ன ஆகும்? எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் (மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸின் ஷெட்யூலர்), ஓடிக்கொண்டிருக்கும் அதே ஜாபை இரண்டாம் முறை தொடங்காது. லினக்ஸின் சிஸ்டம்டி டைமரும் அப்படித்தான். க்ரான் தயங்காமல் இரண்டாவதைக் கிளப்பும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெடிஸின் க்ரான்ஜாபும் தானாக விட்டால் அனுமதித்துவிடும். கன்கரன்சி பாலிசியை ‘ஃபர்பிட்’ என்று மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் வணிக மென்பொருளான பிசினஸ் சென்ட்ரலில் இரண்டு வெவ்வேறு ஜாப்கள் மோதாமல் இருக்க அவற்றுக்கு ஒரே ஜாப் க்யூ வகைக் குறியீட்டைக் கொடுத்தால் ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது ஓடும்.

க்ரானில் பூட்டுப் போட எஃப்லாக் கட்டளை இருக்கிறது. (தமிழில் எழுதும்போது பதிவேடும் பூட்டும் இரண்டுமே ‘லாக்’ ஆகிவிடுவதால் இங்கே பூட்டைப் பூட்டு என்றே சொல்கிறேன்.) பூட்டு ஃபைலை நீங்களே உருவாக்கி, முடிந்ததும் அழிக்கும் பழைய முறையில், சர்வர் நடுவில் அணைந்தால் ஃபைல் அங்கேயே தங்கிவிடும், பிறகு ஜாப் ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று சொல்லிச் சொல்லி நாள் கணக்கில் திரும்பிப் போகும், அதுவும் எக்ஸிட் கோடு பூஜ்யத்தோடு. எஃப்லாக் பிடிக்கும் பூட்டு கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையத்திடம்) இருப்பதால் புரோசெஸ் செத்ததும் தானே விடுபடும்.

இனி இந்தத் துறையின் மையமான சிக்கல். ஒரு லட்சம் வரிகளில் 62,000-ஆவது வரியில் ஜாப் முறிந்தது. மறுபடி ஓட்டலாமா? இந்தக் கேள்விக்கு ‘ஆம், கண்ணை மூடிக்கொண்டு’ என்று பதில் சொல்ல முடிகிற ஜாப்தான் ஒழுங்காக எழுதப்பட்டது. மற்றதெல்லாம் இரவு ஷிப்டில் இருப்பவரின் ஊகத்தை நம்பி ஓடுகிறது.

மொத்தத்தையும் ஒரே கமிட்டில் (மாற்றங்களை டேட்டாபேஸில் நிரந்தரமாக்கும் படியில்) வைத்தால் மறு ஓட்டம் எளிது: முறிந்தால் எல்லாம் ரோல்பேக் ஆகும், அதாவது பழைய நிலைக்குத் திரும்பும், முதலிலிருந்து ஓட்டலாம். விலை வேறு இடத்தில். ஒரு லட்சம் வரிகளும் முடியும்வரை பூட்டப்பட்டே இருக்கும், பகலில் திரையில் வேலை செய்பவர்கள் காத்திருப்பார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரே ஸ்டேட்மெண்ட் ஒரு டேபிளில் சுமார் 5,000 பூட்டுகளைத் தொட்டதும், வரிப் பூட்டுகளை முழு டேபிள் பூட்டாக மாற்றப் பார்க்கும். அதற்காக ஒவ்வொரு வரிக்கும் கமிட் போட்டால் வேகம் படுத்துவிடும். ஒவ்வொரு கமிட்டும் டிரான்ஸாக்‌ஷன் லாக் டிஸ்க்கில் எழுதப்படும்வரை காத்திருக்கும். 500 முதல் 2,000 வரிக்கு ஒரு கமிட் என்று தொடங்கி, அளந்து பார்த்து மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆரக்கிளில் ஒரே கர்சரை (வினவலின் முடிவுகளை வரிசையாகப் படிக்கும் சுட்டியை) திறந்துவைத்துப் படித்துக்கொண்டே, அதே டேபிளில் மாற்றம் செய்து நடுநடுவே கமிட் போட்டால் ஓஆர்ஏ-01555 என்ற பிழை வரக்கூடும். கர்சருக்கு வேண்டிய பழைய பிம்பம் அன்டூவில் (பழைய மதிப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) மேலெழுதப்பட்டுவிடுவதுதான் காரணம். ஒவ்வொரு துண்டுக்கும் ‘கடைசியாக முடித்த கீயைவிடப் பெரியது, அடுத்த 1,000’ என்று புதிதாகக் கேட்பது பாதுகாப்பு.

துண்டு துண்டாகக் கமிட் செய்தால், எங்கே நின்றோம் என்ற குறியும் வேண்டும். அந்தக் குறியை அதே டேட்டாபேஸில், அதே டிரான்ஸாக்‌ஷனில் எழுத வேண்டும். குறியை ஒரு ஃபைலில் தனியாக எழுதினால், வரிகள் கமிட் ஆகி, குறி எழுதப்படுவதற்குள் மின்சாரம் போனால், அடுத்த ஓட்டத்தில் 1,000 வரிகள் இரட்டிப்பாகும். குறிக்கு மேல் இன்னொரு காவலும் போடுங்கள்: மூல ஆவண எண்ணும் வணிகத் தேதியும் சேர்ந்த தனித்துவ இன்டெக்ஸ். புரோகிராம் தவறினாலும் டேட்டாபேஸ் இரண்டாவது இன்வாய்ஸை உள்ளே விடாது. ‘இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு’ என்று புரோகிராமில் மட்டும் எழுதியிருந்தால், இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் பார்த்து, இரண்டுமே ‘இல்லை’ என்று கண்டு, இரண்டுமே போட்டுவிடும்.

ரோல்பேக் ஆகாத காரியங்கள் சில உண்டு: மின்னஞ்சல், வங்கிக்குப் போகும் ஃபைல், வேறு சிஸ்டத்துக்கான ஏபிஐ அழைப்பு. இவற்றை டிரான்ஸாக்‌ஷனுக்கு நடுவில் செய்யாதீர்கள். அனுப்பவேண்டியதை ஒரு டேபிளில் வரியாக எழுதி கமிட் செய்துவிட்டு, வேறொரு ஜாப் அந்த வரியை எடுத்து அனுப்பி, அனுப்பியாயிற்று என்று குறிக்கட்டும். அந்த ஜாபும் அனுப்பியபின், குறிக்கும் முன் விழலாம். அதனால் எதிர்முனைக்கு ஒரு தனி எண்ணையும் சேர்த்து அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் ஏற்காமல் விடும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெட்ட வரி ஒன்று வந்தால் மொத்தத்தையும் நிறுத்துவதா, ஒதுக்கிவைத்துத் தொடர்வதா? ஒதுக்கலாம், ஒரு வரம்பு வரைக்கும். ஒரு லட்சத்தில் 20 வரிகள் வாடிக்கையாளர் எண் இல்லாமல் வந்தால் நிராகரிப்பு டேபிளில் காரணத்தோடு போட்டுவிட்டுப் போகட்டும். முதல் 1,000-இல் 900 நிராகரிப்பு என்றால் மாஸ்டர் தரவே (வாடிக்கையாளர் பட்டியல் போன்ற அடிப்படைத் தரவே) ஏறவில்லை என்று பொருள். அங்கேயே நிற்க வேண்டும். வரம்பை 1 சதவீதத்தில் தொடங்கலாம்.

தானாக மறுமுயற்சி செய்வது எல்லாப் பிழைக்கும் மருந்தாகாது. டெட்லாக் (ஒன்றன் பூட்டுக்கு மற்றொன்று காத்து இரண்டும் நிற்பது), நெட்வொர்க் அறுந்தது, எதிர்முனை ‘பிறகு வா’ என்றது: இவற்றுக்கு 1, 2, 4 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டி மூன்று முறை முயலலாம். தரவுப் பிழையை ஆயிரம் முறை ஓட்டினாலும் அதே பிழைதான். மென்பொருளின் இயல்பு அமைப்பைத் தெரிந்துவைத்திருங்கள்: டாட்நெட் மென்பொருள்களின் ஜாப் நூலகமான ஹேங்ஃபயர் தானாக 10 முறை முயலும், குபர்நெடிஸ் ஜாப் 6 முறை. மறு ஓட்டத்துக்குத் தாங்காத ஜாபை இவற்றில் போட்டால், முதல் தோல்வியைவிட அதன்பின் வரும் முயற்சிகள் அதிக சேதம் செய்யும்.

யார் பெயரில், எந்த இடத்தில்

ஜாபை அமைத்தவரின் சொந்த ஐடியிலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். அவர் வேலையை விட்டுப் போய், ஐடி பூட்டப்படும் அன்று 14 ஜாப்கள் ஒன்றாக விழும். பிசினஸ் சென்ட்ரலில் ஜாப் க்யூ என்ட்ரியை ‘ரெடி’ ஆக்கியவர் யாரோ அவர் பெயரில்தான் ஓட்டம், ஆகவே அவசரத்தில் யாரோ நிறுத்தி ஓட்டினாலே சொந்தக்காரர் மாறிவிடுவார். எஸ்ஏபியில் பின்னணி வேலைக்கு ‘சிஸ்டம்’ வகை ஐடி உண்டு. அதன் பாஸ்வேர்டு காலாவதி ஆகாது, அதை வைத்து யாரும் திரையில் நுழையவும் முடியாது. எல்லா அனுமதியும் கொண்ட ஒரே ஐடியில் எல்லா ஜாபையும் ஓட்டுவது சோம்பேறித்தனம். நிதிக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, இடைமுகங்களுக்கு ஒன்று என்றாவது பிரியுங்கள்.

எஸ்ஏபியின் ஸ்டேட்டஸ் பெயர்களில் ஒரு பொறி இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஜாப்களைக் காட்டும் எஸ்எம்37 திரையில் ‘ஷெட்யூல்டு’ என்று இருந்தால் ஜாப் ஓடப்போகிறது என்று அர்த்தமில்லை. வரையறுத்திருக்கிறார்கள், இன்னும் விடுவிக்கவில்லை. ‘ரிலீஸ்டு’ ஆனபிறகுதான் நேரம் வந்ததும் கிளம்பும். நேரம் கடந்தும் ரிலீஸ்டிலேயே நின்றால் பின்னணி வொர்க் புரோசெஸ் (ஜாபை ஓட்டும் சர்வர் புரோசெஸ்) காலியில்லை என்பது முதல் சந்தேகம். நேரம் வந்த ஜாப்களை ஷெட்யூலர் இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறைதான் தேடும் என்பதால் ஒரு நிமிடத் தாமதம் கணக்கில்லை. தாமதக் கட்டத்தில் 1,800 விநாடி என்றால் கணக்கு உண்டு.

எஸ்ஏபி ஜாப்களுக்கு ஏ, பி, சி என்று முன்னுரிமை வகுப்புகள் உள்ளன. எல்லாரும் தங்கள் ஜாபை ‘ஏ’ என்று கேட்பார்கள், கொடுத்தால் வகுப்பு என்பதே அர்த்தமிழந்துவிடும். 6 பின்னணி புரோசெஸ் உள்ள சர்வரில் 2-ஐ ஏ வகுப்புக்கென்று ஒதுக்கினால், பி-யும் சி-யும் சேர்ந்து 4-க்கு மேல் பிடிக்க முடியாது. பகலில் டயலாக் புரோசெஸ் (திரையில் வேலை செய்பவர்களுக்கானது) அதிகம், இரவில் பின்னணி புரோசெஸ் அதிகம் என்று ஆபரேஷன் மோட் வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஓடூ என்ற வணிக மென்பொருளில் பின்னணித் திரெட் இயல்பாக 2 மட்டுமே. இரண்டு நீண்ட இறக்குமதிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டால், மின்னஞ்சல் அனுப்பும் ஜாப் உட்பட எல்லாம் வரிசையில் நிற்கும். ‘மெயில் போகவில்லை’ என்ற புகாருக்கு மெயில் சர்வரைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதற்குமுன் இதைப் பாருங்கள்.

சத்தம் போடாத குப்பை

எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட்டின் வரலாறு இயல்பாக மொத்தம் 1,000 வரிகள், ஒரு ஜாபுக்கு 100 வரிகள். ஒரு ஸ்டெப் உள்ள ஜாப் ஒருமுறை ஓடினால் 2 வரிகள். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஜாபின் வரலாறு ஆகக் கூடி 50 நிமிடம். அப்படி 10 ஜாப்கள் இருந்தால் 1,000 வரியும் அவற்றுக்கே போய்விடும். அதிகாலை 2 மணிக்குத் தோற்ற ஜாபின் காரணத்தைக் காலை 9 மணிக்குத் தேடினால் ஒரு தடயமும் இருக்காது. நிறுவிய அன்றே இந்த எண்களை உயர்த்திவிட வேண்டும்.

எஸ்ஏபியில் குப்பை எதிர்த் திசையில் சேரும், தானாகப் போகாது. முடிந்த ஜாப்களின் பதிவுகளை நீக்க ஆர்எஸ்பிடிசிடெல்2, பழைய ஸ்பூலை (அச்சுக்கென்று சேமித்த வெளியீட்டை) நீக்க ஆர்எஸ்பிஓ1041 என்று பராமரிப்பு நிரல்களைத் தினமும் ஓட்ட வேண்டும். ஸ்பூல் எண்களின் இயல்பு வரம்பு 32,000. யாருமே அச்சடிக்காத 200 பக்கப் பட்டியலை ஜாப்கள் தினமும் ஸ்பூலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எண் தீர்ந்துபோகும். அன்று விழுவது சம்பந்தமே இல்லாத வேறொரு ஜாப்.

எச்சரிக்கை மின்னஞ்சல்களும் குப்பையில்தான் சேர்த்தி. வெற்றிக்கும் மெயில், தோல்விக்கும் மெயில் என்றால் இரண்டாம் வாரத்தில் ஒரு ஃபோல்டருக்குத் தானாகப் போகும்படி விதி போட்டுவிடுவார்கள். தோற்றதைச் சொல்லவாவது சர்வர் உயிரோடு இருந்தால்தானே மெயில் வரும். சர்வரே கிளம்பாத இரவில் யார் அனுப்புவது? ஆகவே சரிபார்ப்பு வேறொரு இடத்திலிருந்து நடக்க வேண்டும். 4:30 மணிக்கு இன்னொரு சர்வர் மேலே சொன்ன கணக்கு டேபிளைப் படித்து, ‘நேற்றைய தேதிக்கு இன்வாய்ஸ் வரி இருக்கிறதா, எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேலா’ என்று கேட்டு, இல்லையென்றால் கூவட்டும். ஓட்ட நேரத்தையும் அதுவே பார்க்கலாம்: கடைசி 10 ஓட்டங்களின் நடு மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேலோ, கால் பங்குக்குக் கீழோ போனால் கூப்பிடு. முதல் பத்தியில் வந்த 4 விநாடி ஜாப் இந்த இரண்டாவது நிபந்தனையில் அன்றிரவே மாட்டியிருக்கும்.

நிறுத்துவதும் நகலெடுப்பதும்

ப்ரொடக்‌ஷனை (நிஜ வேலை நடக்கும் சிஸ்டத்தை) நகலெடுத்து டெஸ்ட் சிஸ்டம் உருவாக்கும்போது ஜாப்களும் கூடவே வரும். நகல் விழித்ததும் அவை தங்கள் வேலையைத் தொடங்கும்: உண்மையான வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் மெயில், உண்மையான கூட்டாளி சர்வருக்கு ஆர்டர். எஸ்ஏபியில் நகலை முதல்முறை எழுப்பும் முன்பே பின்னணி புரோசெஸ் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, பிறகு பிடிசிடிரான்ஸ்1 நிரலை ஓட்டி ரிலீஸ்டு ஜாப்களை எல்லாம் இடைநிறுத்த வேண்டும். வேண்டியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்கலாம். மேம்படுத்தலின்போது ப்ரொடக்‌ஷனிலும் இதே நிரல்தான். முடிந்ததும் பிடிசிடிரான்ஸ்2 திருப்பிவிடும். மற்ற மென்பொருள்களில் நகலெடுக்கும் ஸ்கிரிப்டிலேயே ஜாப்களை அணைப்பதும், மெயில் முகவரிகளைப் போலியாக மாற்றுவதும் முதல் இரண்டு வரிகளாக இருக்கட்டும்.

ஷெட்யூலரையே மேம்படுத்துவது தனிக் கவனம் கேட்கும் காரியம். 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில் பேட்ச் ஷெட்யூலரின் மேம்படுத்தலைத் திரும்பப் பெற்றபோது, புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒத்துப்போகாமல் இரவு வேலைகள் தேங்கின; லட்சக்கணக்கானோரின் கணக்குகளில் இருப்பு சரியாக வரவில்லை. 2014-இல் இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகளும் சேர்ந்து விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்டு. புதியதைப் போடுவதை எல்லாரும் டெஸ்ட் செய்வார்கள். போட்டபின், புதியது ஓர் இரவு ஓடி வரிசைகளை மாற்றியபின், பழையதற்குத் திரும்புவதையும் டெஸ்ட் செய்ய வேண்டும்.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் ஜாபைக் கொல்வது. 3 மணி நேரமாக ஒரே கமிட்டில் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தினால் அது உடனே நிற்காது. செய்ததை எல்லாம் திருப்ப வேண்டும், அதற்கும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். எஸ்க்யூஎல் சர்வரில் கில் கட்டளையை ‘ஸ்டேட்டஸ்ஒன்லி’ சேர்த்துக் கொடுத்தால் ரோல்பேக் எத்தனை சதவீதம் வந்திருக்கிறது என்று மதிப்பீடு காட்டும். எஸ்ஏபியில் ஜாப் திரையில் ‘கேன்சல்டு’ என்று வந்தாலும், எஸ்எம்50 திரையில் அந்த வொர்க் புரோசெஸ் உண்மையில் விடுபட்டதா என்று பாருங்கள். பொறுமையிழந்து டேட்டாபேஸ் சர்வரையே மறுதொடக்கம் செய்தால், விட்ட ரோல்பேக்கை அது எழுந்ததும் ரிகவரியாகத் தொடரும். முன்பு ஒரு டேபிள் மட்டும் பூட்டியிருந்தது, இப்போது முழு டேட்டாபேஸும் காத்திருக்க வேண்டிவரலாம். கொல்லும் முன் ஓட்டக் கணக்கைத் திறந்து, ஜாப் எத்தனையாவது வரியில் இருக்கிறது, மீதி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு லட்சத்தில் 92,000-ஐத் தாண்டியிருந்தால், எஞ்சியதை ஓடவிடுவது பெரும்பாலும் விரைவில் முடியும்.